லை-பி: தேட வேண்டிய இடம் வேறு

"லை-பி வரப்போகிறது, இனி வை-பி மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹரால்டு ஹாஸ் 2011ல் ஒரு மேஜை விளக்கின் ஒளி வழியே வீடியோவை அனுப்பிக் காட்டியபோது இந்த எதிர்பார்ப்பு பெரிதானது. 2023ல் இதற்கென 802.11பிபி என்ற தர நிர்ணயமும் வந்துவிட்டது. ஆனால், இன்னமும் நம் வீடுகளில் வை-பி தான் ஆட்சி செய்கிறது. இதில் வருத்தப்பட எதுவும் இல்லை என்பதே என் கருத்து. ஒளிவழித் தொடர்பு நல்ல தொழில்நுட்பம்தான். நாம்தான் அதைத் தவறான இடத்தில் தேடுகிறோம்.

இது இயங்கும் விதம் எளிது. எல்.இ.டி. விளக்கின் ஒளியை நொடிக்குப் பல லட்சம் முறை கூட்டிக் குறைக்கலாம். கண்ணுக்கு இது தெரியாது. எதிரே உள்ள போட்டோ டயோடு அந்த மாற்றங்களை 0, 1 எனப் படித்துக் கொள்ளும். ஒளி சுவரைத் தாண்டாது. எனவே பக்கத்து வீட்டு சிக்னலோடு மோதல் இல்லை. தெருவில் நின்று யாரும் ஒட்டுக் கேட்கவும் முடியாது.

ஆனால், வீட்டுக்குள் இந்தப் பலமே பலவீனமாகிவிடுகிறது. ஹாலில் உள்ள சிக்னல் சமையலறைக்கு வராது. ஒவ்வொரு அறையிலும் ஒரு லை-பி சாதனம், அதற்கு ஒரு கேபிள் என்று செலவு கூடும். மொபைல் சட்டைப் பைக்குள் போனால் தொடர்பு அறுந்துவிடும். பழைய மொபைல்களில் இருந்த இன்பிராரெட் நினைவிருக்கிறதா? இரண்டு போன்களையும் எதிரெதிரே வைத்து அசையாமல் இருக்க வேண்டும். புளூடூத் வந்தவுடன் அது காணாமல் போனது. புதிய தரமான 802.11பிபியும் இன்பிராரெட் ஒளியைத்தான் பயன்படுத்துகிறது.

வேகம் கிடைக்குமே என்று கேட்கலாம். இந்தத் தரத்தின் உச்ச வேகம் நொடிக்கு 9.6 கிகாபிட். ஆனால், உங்கள் பிராட்பேண்ட் இணைப்பு 100 மெகாபிட் என்றால், விளக்கு எத்தனை வேகமாக மின்னினாலும் இன்டர்நெட்டிலிருந்து வருவது அந்த 100 தான்.

அப்படியானால் ஒளிக்கு ஏற்ற இடம் எது? கேபிள் போட முடியாத வெட்டவெளி. ஆப்பிரிக்காவில் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிரே பிராசவில், கின்ஷாசா என்ற இரண்டு தலைநகரங்கள் உள்ளன. இடைவெளி 5 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால், ஆற்றைச் சுற்றி பைபர் கேபிள் கொண்டு போக 400 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். இதனால் கின்ஷாசாவில் இன்டர்நெட் கட்டணம் பல மடங்கு அதிகமாக இருந்தது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் தாரா திட்டத்தினர் 2021ல் ஆற்றுக்கு மேலே மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தி இரு நகரங்களையும் இணைத்தனர். 20 நாட்களில் சுமார் 700 டெராபைட் டேட்டா கடந்து சென்றது. பள்ளம் தோண்ட வேண்டாம், ஆற்றடியில் கேபிள் போட வேண்டாம். அடர்ந்த பனிமூட்டம் மட்டும் இதற்கு எதிரி.

கிரகாம் பெல் 1880லேயே போட்டோபோன் மூலம் 200 மீட்டருக்கு மேல் ஒளியில் பேச்சை அனுப்பியதும் திறந்த வெளியில்தான்.

எனவே, லை-பி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வை-பி ரௌட்டரை வீட்டின் நடுவில், சற்று உயரத்தில் வையுங்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் கொடுங்கள். வீட்டு வேகத்தில் இன்றே மாற்றம் தெரியும். ஒளிக்கற்றை, கேபிள் எட்டாத ஊர்களுக்குப் போகட்டும். நம் படுக்கையறை பல்பை விட அவர்களுக்குத்தான் அது அவசரத் தேவை.