கருவி மருத்துவம்: முழு வேகத்தில் சிமிட்டும் ஆயில் விளக்கு... இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

‘‘சொந்த நிலம் 3 ஏக்கர்தான். 2 வருடத்துக்கு முன்பு 45 ஹெச்.பி. பழைய டிராக்டர் ஒன்றைத் தவணையில் வாங்கி, ஊரில் வாடகை உழவு ஓட்டி வருகிறேன். சம்பா சேற்றுழவில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது, அரை மணி நேரத்துக்குப் பிறகு ஆயில் பிரஷர் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. வரப்போரம் நிறுத்தி ஸ்லோவில் விட்டால் அணைந்துவிடுகிறது. இன்ஜினின் பின்பக்கம் ஆயில் கசிவும் இருக்கிறது. ‘பேரிங் போய்விட்டது. முழுசாகப் பிரிக்க வேண்டும். 70,000 ரூபாய் ஆகும்’ என்கிறார் மெக்கானிக். வீட்டு நகையை அடகு வைக்க வேண்டிய நிலை. வேறு வழி இருக்கிறதா?’’

- வாசகர், மன்னார்குடி.

அடகுக் கடைக்குப் போவதற்கு முன்பு செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குச் செலவே கிடையாது. ஆனால், அதுவரை ஒரு கட்டுப்பாடு. அந்த விளக்கு எரியும்போது டிராக்டரை ஓட்டவே கூடாது. எரிந்த உடனே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். கிராங்க் தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது, நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தால்தான். அந்தப் படலம் அறுந்தால் சில நிமிடங்களில் பேரிங் தேய்ந்து கிராங்க்கோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் மெக்கானிக் சொன்ன தொகையும் போதாது. ‘இந்த ஒரு வயலை மட்டும் முடித்துவிடலாம்’ என்று ஓட்டித்தான் பல இன்ஜின்கள் பாழாகின்றன. ஒப்புக்கொண்ட உழவு நின்றுபோகும் என்றால், வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. அதை விசாரித்துப் பார்க்கலாம்.

மன்னார்குடி வாசகரின் கடிதத்தில் ஒரு முக்கியமான தகவல் இருக்கிறது. விளக்கு எரிவது முழு வேகத்தில், அணைவது ஸ்லோவில். பேரிங் தேய்ந்த இன்ஜினில் பொதுவாக இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். பேரிங் இடைவெளி கூடிவிட்டால் ஆயில் அதன் வழியாக வேகமாக வழிந்துவிடும். இன்ஜின் சூடாகி, ஆயில் இளகி, ஸ்லோவில் ஓடும்போது பம்பு கொஞ்சமாகத்தான் தள்ளும். அப்போதுதான் விளக்கு முதலில் எரியும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பம்பு வேகமெடுத்து, விளக்கு அணையும். முழு வேகத்தில், அதுவும் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பிரஷர் விழுந்தால், பம்புக்குப் போதுமான ஆயில் வந்து சேரவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். மோட்டார் நன்றாக இருந்தும் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டால் தண்ணீர் விட்டுவிட்டு வருமே, அதே கதைதான்.

இன்ஜினுக்குள் ஆயில் ஒரு சுற்றுப் பாதையில் ஓடுகிறது. அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பிலிருந்து, சல்லடை வழியாக பம்பு இழுக்கிறது. அங்கிருந்து ஃபில்டர், பிறகு பேரிங்குகள், மேலே ராக்கர் வரை போகிறது. வேலை முடிந்த ஆயில், தானாக வழிந்து மீண்டும் சம்ப்புக்கு வர வேண்டும். போகும் வழியில் தடை இருந்தாலும், திரும்பும் வழியில் தடை இருந்தாலும் விளக்கு எரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆயில் கம்பி: டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, 10 நிமிடம் கழித்து அளவு பார்க்க வேண்டும். வரப்பில் சாய்வாக நிற்கும்போது பார்க்கும் அளவு தவறு. கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தால் குறை அங்கேயே தெரிந்துவிடும். மேல் கோட்டைத் தாண்டி இருந்தாலும் ஆபத்துதான். ‘பாதுகாப்புக்கு ஒரு லிட்டர் கூடுதல்’ என்று ஊற்றினால், கிராங்க் அந்த ஆயிலை மத்தால் கடைவதுபோல அடித்து நுரையாக்கிவிடும். காற்று கலந்த ஆயிலால் பிரஷர் நிற்காது.

ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், டீசலோ தண்ணீரோ கலக்கிறது என்று பொருள். ஆயிலை முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். விரலில் தொட்டால் பிசுக்கு இருக்காது. மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர். ஹெட் கேஸ்கெட்டோ, லைனரின் ரப்பர் வளையமோ விட்டிருக்கலாம். இவை இரண்டில் எது இருந்தாலும், காரணத்தைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

விளக்கு சொல்வது உண்மையா: விளக்கை இயக்குவது ஒரு சிறிய பிரஷர் சுவிட்ச். அதுவோ, அதன் ஒயரோ கெட்டுப்போனாலும் விளக்கு சிமிட்டும். சுவிட்ச்சைக் கழற்றி, அந்தத் துளையில் முள் கேஜ் மாட்டி அளந்தால் உண்மை தெரிந்துவிடும். இந்த கேஜ் நல்ல பட்டறைகளில் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஸ்லோவிலும், உழவு வேகத்திலும் அளக்க வேண்டும். ஸ்லோவில் சதுர சென்டி மீட்டருக்கு 1 கிலோவை ஒட்டியும், உழவு வேகத்தில் 3 கிலோவை ஒட்டியும் இருப்பது பல டீசல் இன்ஜின்களில் வழக்கம். அந்தந்த மாடலுக்கான சரியான அளவு, டிராக்டருடன் கொடுத்த கையேட்டில் இருக்கும்.

கேஜ் சரியான அளவைக் காட்டி, விளக்கு மட்டும் எரிந்தால் சுவிட்ச்சை மாற்றினால் போதும். ஸ்லோவில் மட்டும் குறைந்தால் ஆயில் இளகல், பேரிங் அல்லது பம்பு தேய்மானம். ஸ்டார்ட் செய்ததிலிருந்தே எல்லா வேகத்திலும் குறைவாக இருந்தால், ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தபடி நிற்கலாம். அல்லது பம்பு தேய்ந்திருக்கலாம். நன்றாக ஆரம்பித்து, முழு வேகத்தில் ஓட ஓட முள் இறங்கி, நிறுத்தி வைத்துவிட்டு ஓட்டினால் மறுபடி சரியானால், அது சல்லடை அடைப்பு அல்லது ஆயில் திரும்பி வராத கோளாறு. இந்தச் சோதனையிலும் முள் நன்றாக இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

பிரீத்தர் குழாய்: பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் புகை வெளியேறுவதற்காக இன்ஜினின் பக்கவாட்டில் தொங்கும் குழாய் இது. சேற்றுழவில் இதன் வாய் சேற்றால் அடைபடும். நிறுத்தி வைத்திருக்கும் மாதங்களில் மண் குளவி கூடு கட்டிவிடும். வழி அடைபட்டால் புகை உள்ளேயே அழுந்தி, பலவீனமான இடத்தைத் தேடும். ஆயில் சீல் வழியே கசியும். சில நேரம் ஆயில் கம்பியையே மேலே தள்ளும். மேலிருந்து ஆயில் வழிந்து இறங்க வேண்டிய துளைகளில் புகை மேலேறுவதால், ஆயில் இறங்குவது தடைபடும். கடிதத்தில் சொல்லப்பட்ட பின்பக்கக் கசிவுக்கு இது காரணமாக இருக்கலாம். குழாயைக் கழற்றி, கம்பி விட்டு, டீசலில் கழுவிக் காயவைத்து மாட்ட அரை மணி நேரம் போதும். சுத்தம் செய்த பிறகும் குழாயில் புகை குபுகுபுவென்று வந்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

ஆயில் திரும்பும் வழி: உழவு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை நிறுத்தியதும் ஒருமுறை, 15 நிமிடம் கழித்து ஒருமுறை கம்பியில் அளவு பார்க்க வேண்டும். சிறிய வித்தியாசம் இயல்பு. முதல் முறை கீழ்க் கோட்டுக்கு வெகு கீழே இருந்து, பிறகு மேலேறினால், ஆயில் மேலேயே தேங்குகிறது. ராக்கர் மூடியைத் திறந்து பார்த்தால் புஷ் ராடு இறங்கும் துளைகளைச் சுற்றிக் கறுப்பு மை போன்ற கசடு கட்டியிருப்பது தெரியும். நேரத்துக்கு ஆயில் மாற்றாத டிராக்டர்களில் இது சகஜம். பழைய டிராக்டர் வாங்கும்போது, முன்பு ஓட்டியவர் எப்படிப் பராமரித்தார் என்பது இந்த மூடிக்கு அடியில்தான் எழுதியிருக்கிறது. துளைகளில் துணி அடைத்துக்கொண்டு, மரக்குச்சியால் கசடைச் சுரண்டி எடுக்க வேண்டும். உள்ளே விழவிடக் கூடாது. துணியை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ஆயிலுக்குப் பதிலாக டீசலை ஊற்றி இன்ஜினை ஓட்டிக் ‘கழுவுகிறார்கள்’. டீசலுக்கு பேரிங்கைக் காக்கும் வழவழப்பு கிடையாது. கசடு மொத்தமாகப் பெயர்ந்து சல்லடையை அடைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பதில், கையேட்டில் சொன்ன தரத்தில் புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, பாதிக் கெடுவிலேயே மறுபடி ஒருமுறை மாற்றினால் மீதிக் கசடு மெள்ள மெள்ளக் கரைந்து வெளியேறும்.

சல்லடை: இதுவரை சொன்ன எதிலும் குறை தெரியாவிட்டால், ஆயில் சம்ப்பைக் கழற்ற வேண்டும். சில மாடல்களில் முன் அச்சுப் பகுதியையும் விலக்க வேண்டியிருக்கும். அப்படியிருந்தாலும், இன்ஜினை முழுசாகப் பிரிப்பதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு குறைவு. சல்லடையில் கசடு, கேஸ்கெட் பசை, துணி நூல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று இழுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சம்ப் திறந்திருக்கும்போதே ஒரு பேரிங் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். பேரிங்கின் உள்முகம் ஒரே சாம்பல் நிறமாக, கீறல் இல்லாமல் இருந்தால் பயமில்லை. செம்பு நிறம் வெளியே தெரிந்தால் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் கிராங்க்கில் காயம் இல்லையென்றால், பேரிங்குகளை மட்டும் மாற்றிச் சமாளிக்க முடியுமா என்று கேட்கலாம்.

மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை. ‘அண்ணே, பிரிக்குறதுக்கு முன்னாடி கேஜ் மாட்டி, ஸ்லோலயும் வேகத்துலயும் அளந்து காட்டுங்க’ என்று கேட்டால் போதும். நல்ல மெக்கானிக் யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

‘‘கொல்லிமலைக்குச் சுமை வண்டி ஓட்டுகிறேன். மலையேறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் மட்டும் ஆயில் விளக்கு ஒரு விநாடி மின்னி அணைகிறது. இது பிரச்னையா?’’

- வாசகர், சேந்தமங்கலம்.

பிரச்னைதான். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு நடைக்கு 70 முறை பேரிங் ஆயில் இல்லாமல் தவிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பஸ் திரும்பும்போது தூக்குவாளியில் இருக்கும் மோர் ஒரு பக்கமாக ஒதுங்குவதுபோல, ஏற்றத்திலும் வளைவிலும் சம்ப்பில் இருக்கும் ஆயில் ஒதுங்குகிறது. அந்த நேரத்தில் சல்லடை காற்றை உறிஞ்சிவிடும். இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் போன்ற பந்தயத் தடங்களில் ஓடும் கார்களுக்கும் இதுதான் பெரிய தலைவலி. அதிவேகத்தில் வளைவதால் அங்கே ஆயில் இன்னும் அதிகமாக ஒதுங்கும். அதனால் பந்தய கார்களின் சம்ப்பில் தடுப்புத் தகடுகள் வைப்பார்கள். சிலவற்றில் ஆயிலைச் சம்ப்பிலேயே தங்கவிடாமல், கூடுதல் பம்புகளால் உறிஞ்சித் தனித் தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து இன்ஜினுக்கு அனுப்புவார்கள்.

சுமை வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை. மலையேறும் முன்பு, சமதளத்தில் அளவு பார்த்து மேல் கோடுவரை ஆயில் நிரப்ப வேண்டும்; அதைத் தாண்டக் கூடாது. பெரும்பாலும் விளக்கு மின்னுவது இதிலேயே நின்றுவிடும். ஆயில் அடிக்கடி குறைந்தால் கசிவா, எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் மின்னினால், சல்லடையையும், முன்பு சம்ப்பைக் கழற்றியபோது தடுப்புத் தகட்டை மாட்டாமல் விட்டுவிட்டார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

‘‘இன்ஜினிலிருந்து எடுத்த பழைய ஆயிலை மாட்டுப் புண்ணுக்கும், கொட்டகைத் தூணுக்கும் தடவுகிறோம். சரியா?’’

- வாசகி, மணப்பாறை.

தடவக் கூடாது. ஓடி முடித்த ஆயிலில் தேய்ந்த உலோகத் துகளும், எரிந்த டீசலின் கரியும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்களும் கலந்திருக்கின்றன. புண்ணில் தடவினால் மாடு நக்கும், அது விஷமாகும். தூணில் பூசினாலும் மாடு உரசும், நக்கும். புண்ணுக்குக் கால்நடை மருத்துவரிடம் மருந்து வாங்குவதுதான் நல்லது. பழைய ஆயிலை அடுப்பு எரிக்கவோ, வாய்க்காலில் கொட்டவோ கூடாது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி இது அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருந்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம். அடுத்த முறை மாற்றும்போது, வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். இரும்புத் துகள் அளவுக்கு மீறி ஒட்டினால், இன்ஜினுக்குள் ஏதோ தேய்கிறது என்பதை விளக்கு எரிவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.