ஓடாத பெண்களுக்கும் இதயம் உண்டு!

உடற்பயிற்சி வகுப்பு என்றதும் எங்கள் நினைவுக்கு முதலில் வருவது பி.டி. டீச்சரின் விசில்தான். விசில் ஊதியதும் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். முதல் சுற்றில் வகுப்பு முழுவதும் ஓடும். இரண்டாம் சுற்று முடியும்போது பாதிப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களெல்லாம் எங்கே? வேப்பமரத்தடியில்! ஒருத்திக்கு மூச்சிரைப்பு. ஒருத்திக்கு முழங்கால் வலி. ஒருத்தி சற்றுப் பருமன். ஓடினால் யாரேனும் சிரிப்பார்களோ என்ற கூச்சம். இன்னொருத்திக்கு மாதத்தில் அந்தச் சில நாட்கள். வாய்விட்டுச் சொல்லத் தயக்கம். ஓடுகிறவர்களின் கைக்கடிகாரங்களையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் காவல் காப்பதே இவர்கள் செய்யும் உடற்பயிற்சி! ஆறாம் வகுப்பில் மரத்தடிக்குப் போனவள் பத்தாம் வகுப்பிலும் அங்கேதான் அமர்ந்திருக்கிறாள்.

ஓட்டத்தை நாங்கள் குறை கூறவில்லை. நம் மதுரைக்கு அருகிலுள்ள சக்கிமங்கலத்தில் பிறந்து, 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய ரேவதி வீரமணியை நினைத்தால் எங்கள் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் எல்லோரும் ரேவதி ஆகிவிட முடியுமா? ஓட முடியாதவள் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது? இதுவே எங்கள் கேள்வி.

இதயம் என்பது நம் கைப்பிடி அளவே உள்ள தசை. கால், இடுப்பு, கை ஆகியவற்றின் பெரிய தசைகள் விடாமல் சீராக இயங்கும்போது அவற்றிற்குப் பிராணவாயு அதிகம் தேவைப்படுகிறது. அதைக் கொண்டு சேர்க்க இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சும் வேகமாகிறது. நாள்தோறும் இப்படி வேலை வாங்கினால் இதயம் வலுப்பெறுகிறது. அந்தத் தசைகளை இயக்கியது ஓட்டமா, கும்மியா என்று இதயம் கேட்பதில்லை!

இதை நாங்களே சோதித்துப் பார்த்தோம். மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி நாடியை எண்ணி, நான்கால் பெருக்கினோம். ஓடிய பிறகு எண்ணினோம். கயிறு தாண்டிய பிறகும், மூன்றாம் மாடி வரை படியேறி இறங்கிய பிறகும் எண்ணினோம். பெரிய வேறுபாடு இல்லை. படியேறியவள், "எனக்கும் ஓடினவள் மாதிரியே துடிக்குதடி!" என்று வியந்தாள். அவள் நான்கு ஆண்டுகளாக மரத்தடியில் இருந்தவள்.

படியேறுவது அற்பமான காரியம் அன்று. லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர், மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுதும் உட்கார்ந்து வண்டி ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்கப் படிகளில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்தக் கண்டக்டர்கள் எந்தப் பந்தயத்திலும் ஓடியவர்கள் அல்லர்!

நம் வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் அந்நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவரில் நூற்றுக்கு 78 பேரும், மாணவியரில் நூற்றுக்கு 85 பேரும் அந்த அளவை எட்டவில்லை. நாம்தான் பின்தங்கியிருக்கிறோம். காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். மாலையில் அண்ணனும் தம்பியும் காய்ந்த கண்மாயில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். நாம் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து டியூஷனுக்குப் போகிறோம். பாண்டி ஆடிய கால்கள் பாவாடை தாவணி வயது வந்ததும் ஓய்ந்துவிடுகின்றன. "வயசுக்கு வந்த பெண் குதிக்கலாமா?" என்று பாட்டி கேட்கிறார்.

பாட்டிக்கு நாங்கள் அன்போடு ஒரு பதில் சொல்கிறோம். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் முளைப்பாரித் திருவிழாவில் கும்மி கொட்டுகிறவர்கள் யார்? பெண்கள்தானே! குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து, கை தட்டி, பாட்டும் பாடி, இரவு வெகுநேரம் ஆடுகிறார்கள். இதைவிடச் சிறந்த உடற்பயிற்சி உண்டா? நாமோ கும்மியையும் கோலாட்டத்தையும் ஆண்டு விழா மேடைக்காக மட்டும் பழகுகிறோம். விழா முடிந்ததும் கோல்கள் அலமாரிக்குப் போய்விடுகின்றன.

அடுத்தது மிதிவண்டி. முழங்காலுக்கு அதிர்ச்சி தராது. இதயத்துக்கு நல்ல வேலை தரும். சிவகங்கையைத் தாண்டினால் வரும் புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், பல்லாயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கேலி பேசியவர்கள் ஓய்ந்தார்கள், சைக்கிள் ஓயவில்லை. அவர்கள் நம் அம்மாவின், பாட்டியின் தலைமுறையினர். அவர்கள் ஓட்டியதை நாம் ஓட்டக் கூடாதா?

இவை எதுவும் இல்லாவிட்டாலும் நடக்கலாமே! வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர். ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தவராவோம். ஞாயிறு மாலையில் குடும்பத்தோடு கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் ஏறலாம். நம் சிஸ்டர்கள் மாலையில் செபமாலையோடு மைதானத்தைச் சுற்றி வேகமாக நடப்பதை நாம் பார்த்ததில்லையா? ஆனால் ஊர்க்கதை பேசிக்கொண்டு ஆமை வேகத்தில் நடப்பது பயன் தராது. பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மெல்லத் தொடங்கட்டும். சித்திரை வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் எவருமே மைதானத்தில் ஓட வேண்டாம். மரநிழலில் கயிறு தாண்டினால் போதும்.

"பத்தாம் வகுப்பில் இதெல்லாம் எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க உடற்பயிற்சி வகுப்பு கணக்கு வகுப்பாக மாறிவிடுவதை எல்லோரும் அறிவோம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். நாற்பது நிமிடம் ஆடிவிட்டு வந்தால் அடுத்த பாடத்தில் தூக்கம் வருவதில்லை. இது எங்கள் அனுபவம்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். ஓட முடியாத மாணவியருக்குக் கயிறும் கோலும் கொடுங்கள். அவர்களை மரத்தடிக்கு அனுப்பாதீர்கள். பத்தாம் வகுப்பின் உடற்பயிற்சி நேரத்தை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். பெற்றோரே, பக்கத்துத் தெருவிலுள்ள டியூஷனுக்காவது எங்களைச் சைக்கிளில் அனுப்புங்கள்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. பருமனான தோழி கயிறு தாண்டும்போது சிரிக்காமல் இருப்போம். அவள் தாண்டுவதை எண்ணிச் சொல்வோம். அடுத்த ஆண்டு இந்த மலர் வெளிவரும்போது வேப்பமரத்தடியில் தண்ணீர்ப் பாட்டில்கள் மட்டுமே இருக்கட்டும்!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு