புல் மட்டும் மூடிய இடம்



போன மாதம் ஒரு மாலை, நம் கேமரன் மலையில் கியா பார்ம் காய்கறிச் சந்தையை ஒட்டிய தேநீர்க் கடையில் மழைக்கு ஒதுங்கினேன். பையில் இரண்டு கவிதைகளின் நகல் இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. எழுபது தாண்டியவர், இந்த மலையில் கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். "என்ன தம்பி வாய்க்குள்ளயே படிக்கிறீங்க? சத்தமாப் படிங்க, கேப்போம்" என்றார். படித்தேன்.

முதலாவது, பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே'. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர்கள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் பெண்கள் பட்ட பாட்டைப் பாடுகிறார். பாரதி அந்தத் தீவைக் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான் காற்றைக் கூப்பிட்டு, அந்த அழுகை உன் காதில் விழுந்திருக்குமே என்று விசாரிக்கிறார். நடுவில் கிடக்கும் கடல்தான் அந்தக் கவிதையின் வலி. உழைப்பைச் சொல்ல மட்டும் நம் ஊர்ச் செக்குமாட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். உடனே நமக்குப் புரிந்துவிடுகிறது. மனிதரிடம் முறையிட்டுப் பயனில்லை என்று ஆனதும் காளியை அழைக்கிறார்.

இரண்டாவது, இலங்கை மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை எழுதியது. 1914இல் தோட்டத்தில் பிறந்தவர். 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம், அவருக்கு ஓட்டுப் போட்ட மக்களையே நாடற்றவர்களாக்கியது. கவிதையை அவர் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் தந்த சக்தீ அ. பாலையா வைத்த பெயர் 'தேயிலைத் தோட்டத்திலே'. பெயரைக் கேட்டதுமே பாரதி நினைவுக்கு வருகிறார். பாலையா அதை அறிந்தே வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் குரல் வேறு. பாரதிக்கு அந்தப் பெண்கள் 'அவர்'. வேலுப்பிள்ளைக்குத் தேயிலைக்கு அடியில் கிடப்பவர்கள் 'என் மக்கள்'. அவர் காற்றைக் கேட்க வேண்டியதில்லை. அந்த மண்மேல்தான் நிற்கிறார். மண்ணோடு மண்ணாய்ப் போனவர்களுக்குக் கல்லறை இல்லை, நினைவுக்கு ஒரு காட்டுப்பூ கூட இல்லை. கடவுள் மனமிரங்கிப் போர்த்திய புல்தான் உண்டு. இந்தப் புல்லை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. பாரதியின் பெண்கள் தாய்வீட்டை நினைத்து அழுகிறார்கள். வீடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வேலுப்பிள்ளையின் மக்களுக்கு, அவர்களைப் புதைத்த இடமே வீடு. குடியுரிமை பறிபோன காலத்தோடு சேர்த்துப் படித்தால், இரங்கல் பாட்டாகத் தொடங்கியது நிலத்துக்கு உரிமை கேட்கும் மனுவாக மாறிவிடுகிறது. எலும்புகளைத் தவிர அவர்களிடம் வேறு என்ன பத்திரம் இருந்தது?

பாரதி பாட்டுக்கு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது முடிந்ததும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பாவ மேட்டுலதான் பொதச்சோம் தம்பி. இப்பப் போனா இடம் தெரியாது, புல்லு மண்டிக் கெடக்கு. சாகுற வரைக்கும் அவருக்குச் சிவப்பு ஐசிதான்" என்றார்.

1957இல் மலாயா விடுதலை பெற்ற பிறகும், குடியுரிமை கிடைக்காமல் அந்தச் சிவப்பு அடையாள அட்டையோடே வாழ்ந்து முடித்த தாத்தா பாட்டிகளை நம்மில் பலர் அறிவோம். தலவாக்கலைக் கவிதை கியா பார்மில் ஒரு மகளுக்குத் தன் தகப்பன் கதையாகக் கேட்டதற்கு நான் வேறு விளக்கம் தேடவில்லை.

இந்த இதழில் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டிருக்கிறோம். வீட்டில் தோட்டத்துப் பெரியவர்கள் இருந்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று, அவர்கள் பேச்சிலேயே எங்களுக்கு எழுதியனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்