கபிலரும் கணிப்பொறியும்

சங்கப் புலவர்களையும் புரவலர்களையும் புள்ளிகளாக்கி, பாடல்வழிப் பிறந்த உறவுகளைக் கோடுகளாக்கிக் கணிப்பொறித் திரையில் காட்டுவது இன்று எளிதாகிவிட்டது. புள்ளியும் கோடுமான இவ்வமைப்பைக் கோட்டுரு என்பர். கோனிக்சுபெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி 1736இல் ஆய்லர் எழுதிய கட்டுரையே இத்துறையின் தோற்றுவாய். கணிப்பொறி கோட்டுருவைத் தன் நினைவகத்தில் வைத்திருப்பது படமாக அன்று. இன்ன புள்ளிக்கு இன்ன புள்ளி உறவு என்னும் பட்டியலாகவே. அப்பட்டியலைப் படமாக்கித் தரும் கிராஃப்விஸ், கெஃபி முதலிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் மாணவர் இவற்றைப் பயில வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், படம் அழகாக அமைந்துவிட்டதனாலேயே ஆய்வும் முடிந்தது எனக் கருதும் போக்கை நாம் ஏற்பதற்கில்லை.

கள்வராயன் மலையின் நிலப்படத்தை எடுத்துக்கொள்வோம். அதில் வெள்ளிமலை எங்குள்ளது என்பதை நில அளவை முடிவு செய்கிறது. அதனை இழுத்துவந்து கள்ளக்குறிச்சிக்கு அருகில் வைக்க எவர்க்கும் உரிமையில்லை. கோட்டுருவின் நிலை வேறு. 1984இல் பீட்டர் ஈட்ஸ் முன்வைத்த முறை, உறவுக் கோடுகளைச் சுருள்வில்களாகவும் புள்ளிகளை ஒன்றையொன்று தள்ளுவனவாகவும் கொள்கிறது. இழுப்பும் தள்ளலும் ஓய்ந்த நிலையே இம்முறையில் நாம் காணும் படம். புள்ளிகளின் தொடக்க இடம் மாறினால் படமும் மாறும். காலையில் பாரிக்கு வலப்புறம் நின்ற காரி மாலையில் இடப்புறம் நிற்பான்! ஆகவே மேல், கீழ், இடம், வலம் என்பவற்றிற்கு அங்குப் பொருளில்லை. எது எதனோடு இணைந்துள்ளது என்பதே பொருள்.

அவ்விணைப்பைத் தருபவர் யார்? இங்குத்தான் தமிழ் கற்றோரின் பணி தொடங்குகிறது. 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கிய திருக்கோவலூர், மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர். பெண்ணையாற்றில் கபிலர் குன்று நிற்பதும் அங்கேதான். புறநானூற்றின் 121 முதல் 124 வரையுள்ள பாடல்கள் காரியைக் கபிலர் பாடியவை. 122ஆம் பாட்டில் காரி என்னும் பெயர் பாட்டினுள்ளேயே உள்ளது. இவ்விருவர்க்கும் இடையே தயங்காது கோடிடலாம்.

46ஆம் பாட்டின் நிலை அத்தகையதன்று. மலையமான் மக்களை யானைக்கு இடத் துணிந்த கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் பாடித் தடுத்தார் என வகுப்பில் கற்பிக்கிறோம். பாட்டைப் படித்துப் பாருங்கள். யானையைக் கண்டு அழுகையை மறந்த சிறுவர் உள்ளனர். புறாவின் துயர் தீர்த்தவன் வழித்தோன்றல் என்னும் குறிப்பும் உள்ளது. மலையமான் பெயரும் இல்லை, கிள்ளிவளவன் பெயரும் இல்லை! அவ்விரு பெயர்களையும் தருவது பாட்டின் பின்னுள்ள பழங்குறிப்பே. அக்குறிப்புப் பொய் என்பது எம் கருத்தன்று. அது வேறுவகைச் சான்று என்பதே கருத்து. திரையிலோ இரண்டு உறவும் ஒரே கனத்தில், ஒரே நிறத்தில் தோன்றுகின்றன.

பெயர்ச் சிக்கல் இதனினும் பெரிது. காரி, மலையன், மலையமான் திருமுடிக்காரி எனப் பட்டியலில் மூன்று வகையாக எழுதினால் கணிப்பொறி ஒருவனை மூவராக்கிவிடும். மலையமான் என்று மட்டும் எழுதினாலோ, 174ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார் பாடிய மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணனும் காரியும் ஒரே புள்ளியாகிவிடுவர். (ஔவையார் ஒருவரா பலரா என்னும் பழைய வழக்கை இதற்குள் இழுக்க நாம் விரும்பவில்லை.)

எனவே இத்தகைய படத்தோடு வரும் ஆய்வேட்டை ஏற்குமுன், படத்திற்கு அடிப்படையான பட்டியலையும் துறைகள் கேட்டுப் பெறல் வேண்டும். ஒவ்வொரு கோட்டிற்கும் உரிய பாட்டெண், பெயர் பாட்டில் உள்ளதா குறிப்பில் உள்ளதா என்னும் செய்தி, இரு பெயர்களை ஒருவர்க்கு உரியனவாகக் கொண்டதற்கான காரணம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். கோட்டை விட்டுவிட்டு வரையுமாறு கிராஃப்விஸுக்குக் கட்டளையிட ஒரு சொல் போதும். கோவூர்கிழாரிடமிருந்து மலையமான் மக்களுக்குச் செல்லும் கோடு அவ்வாறு வரையப்பட வேண்டியது.