நீர் பிரிக்கும் இடம்

கரும்பு வெட்டும் காலத்தில், மஞ்சக்குப்பத்திற்கு மேற்கேயுள்ள நெல்லிக்குப்பத்தை நோக்கிக் கரும்பு வண்டிகள் விரைவதைக் காணலாம். அவ்வூர்ச் சர்க்கரை ஆலை 1840-களில் தோன்றிய பழைமை உடையது. வெட்டிய கரும்பைக் காயவிடலாகாது என்பதை உழவர் நன்கறிவர். அதன் காரணத்தை ஆராய்ந்தால் வேதியியலின் அரியதொரு பாடம் விளங்கும்.

வெட்டுண்ட கரும்பு வெயிலிற் கிடந்தால், அதிலுள்ள சுக்ரோஸின் ஒரு பகுதி நீருடன் கூடிக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனும் இரு சர்க்கரைகளாகப் பிரிந்துவிடும். 342 கிராம் சுக்ரோஸ் 18 கிராம் நீரை ஏற்று, இரண்டையும் 180 கிராம் வீதம் தரும். எடை கூடியதென்று மகிழ்வதற்கில்லை. இவை ஆலையில் எளிதில் படிகமாகா. பெரும்பாலும் கழிவுப்பாகோடு போய்விடும். அமிலம் இப்பிரிவை விரைவுபடுத்தும். ஆதலின் சாற்றிற் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தன்மையைக் குறைக்கின்றனர்.

இவ்வாறு நீர் ஒரு பொருளைப் பிரிப்பதே நீராற்பகுத்தல். மாணவர் பலர் இதன் விளைபொருள்களை மனப்பாடம் செய்ய முயல்கின்றனர். தேர்வுக்கு அதுவே எளிய வழி என்பர். மனப்பாடம் படித்த வினாவிற்கு மட்டுமே விடை தரும். புதிய பொருள் எதிர்ப்பட்டால் கைவிட்டுவிடும். நூறு சமன்பாடுகளை நினைவில் அடுக்குவதினும், 'நீர் எந்தப் பிணைப்பைப் பிரிக்கும்?' என்று கேட்கப் பழகுவதே நன்று என்பேன். அவ்விடம் தெரிந்தபின், ஒரு துண்டுடன் நீரின் ஹைட்ரஜனையும் மற்றதனுடன் ஹைட்ராக்சில் தொகுதியையும் சேர்த்துப் பார்த்தால் விடை புலப்படும்.

பழைய ஆஸ்பிரின் மாத்திரைப் புட்டியைத் திறந்தால் சில வேளை காடி மணம் வீசும். ஆஸ்பிரினில் எஸ்டர் பிணைப்பு உண்டு. காற்றின் ஈரம் அதனைப் பிரிக்க, சாலிசிலிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் தோன்றுகின்றன. காடியின் புளிப்பும் அசெட்டிக் அமிலமே. பிணைப்பை அறிந்தவன் புட்டியைத் திறவாமலே மணத்தை முன்னுரைப்பான்!

ஊடகத்தையும் மறத்தலாகாது. நம் வட்டாரத்து நிலக்கடலை எண்ணெயும் எஸ்டரே. அமிலத்துடன் நீராற்பகுத்தால் கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் கிடைக்கும். எரிசோடாக் கரைசலுடன் காய்ச்சினாலோ, அவ்வமிலங்கள் சோடிய உப்புகளாகிச் சோப்பாக மாறும். கிளிசரால் உடன் பிரியும்.

பிணைப்பு எது, ஊடகம் எது என்னும் இரு வினாக்களே இங்குத் திறவுகோல். காயும் கரும்பின் இழப்பு உழவரைச் சேரும். காரணம் அறியாத கல்வியின் இழப்போ நம்மையே சேரும். ஆதலின் மாணவர்களே, விடையை நினைவில் தேடுமுன் காரணத்தை அறிவால் தேடுங்கள்.