பிளஸ் முளைச்சா உஷார்!

மேப்புல எங்க போலகத்தைத் தேடிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். காரைக்கால் மாவட்டம். சுத்தி தமிழ்நாடு, நிர்வாகம் மட்டும் நூத்திச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்குற புதுச்சேரி. பக்கம் முழுக்க ஒரு ஸ்டைல், நடுவுல மட்டும் வேற ஸ்டைல்! டி.டி.பி. பாஷையில இதுக்குப் பேரு 'ஓவர்ரைடு'. ஆண்டு மலர் சீசன்ல எடிட்டோரியல் டீமைப் பாடாய்ப் படுத்துறதும் இதேதான்.

இன்டிசைன்ல ஒரு பாராவுக்கு ஸ்டைல் கொடுத்திருப்பீங்க. அவசரத்துல ஒருத்தர் ரெண்டு வார்த்தைக்கு மட்டும் ஃபான்ட் மாத்துவார். உடனே ஸ்டைல் பேருக்குப் பக்கத்துல குட்டியா ஒரு பிளஸ் முளைக்கும். 'யாரோ கை வெச்சிருக்காங்க'னு அர்த்தம். அப்புறம் நீங்க ஸ்டைல்ல ஃபான்டை மாத்தினா, அந்த ரெண்டு வார்த்தை மட்டும் அசையாது.

பாராவை செலக்ட் பண்ணி, ஆல்ட் கீயோட ஸ்டைல் பேரை க்ளிக் பண்ணினா பிளஸ் காலி. ஆனா, தமிழ்ப் பக்கத்துல அங்கதான் ஆப்பு! பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல 'அம்மா'னு தெரியுறது, உள்ளுக்குள்ள எம், கே, செமிகோலன், கே, ஹெச். அதைத் தமிழாக் காட்டுறதே ஃபான்ட்தான். ஸ்டைல்ல இங்கிலீஷ் ஃபான்ட் இருந்து, பாமினியைக் கையால போட்டிருந்தா, ஒரே க்ளிக்ல அம்மா அம்பேல்! முதல் கவிதை அச்சுல வரப்போகுதுனு வீட்டுல சொல்லி வெச்சிருக்குற ஜூனியரோட பேர் செமிகோலனும் கமாவுமா வந்தா எப்படி இருக்கும்?

தப்பிக்க நாலு வழி:

1. முதல்ல ஃபைலுக்கு ஒரு காப்பி. அப்புறம் பாராகிராஃப் ஸ்டைல் பேனல்ல 'ஓவர்ரைடு ஹைலைட்டர்' ஆன் பண்ணுங்க. கை வெச்ச இடமெல்லாம் கலர்ல காட்டிக் கொடுத்துடும்.

2. விதிவிலக்கு தப்பில்ல, ஆனா அதுக்கு ஒரு பேர் வேணும். காரைக்காலுக்கு 'யூனியன் பிரதேசம்'னு சட்டத்துல பேர் இருக்குற மாதிரி! கலந்து வர்ற தமிழ், இங்கிலீஷ் வார்த்தைகளுக்குத் தனித்தனி கேரக்டர் ஸ்டைல் கொடுங்க. ஆல்ட் க்ளிக் அதைத் தொடாது. கூடவே ஷிஃப்ட்டையும் அழுத்தினா அதுவும் போயிடும், ஜாக்கிரதை.

3. யூனிகோட் தமிழா? 'வேர்ல்ட்-ரெடி கம்போஸரை' பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளயே வைங்க. கையால போட்டு, பிளஸோட சேர்த்து அழிச்சா, 'கெ'வோட கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் உட்காரும்.

4. தலைப்புப் பட்டை ரெண்டு ரெண்டா தெரியுதா? மாஸ்டர் பேஜ்ல இருந்து (புது வெர்ஷன்ல 'பேரன்ட் பேஜ்') கன்ட்ரோல், ஷிஃப்ட் க்ளிக்ல எடுத்து மாத்தின பக்கத்துக்கு, மறுபடி மாஸ்டரைப் போட்டிருப்பாங்க. பழசு விலகி நிற்க, புதுசும் வந்து உட்கார்ந்திருக்கும். பழசை டெலிட் பண்ணுங்க.

கடைசியா, பி.டி.எஃப். எடுத்து, எழுதினவங்க கையிலயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. பிரஸ்ஸுக்குப் போன பிறகு கன்ட்ரோல் இசட் கிடையாது மக்களே!