பழி எக்ஸ்ரேக்கு, குற்றவாளி பீரோ

போன வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர் சொன்னார்: "பொண்ணைப் பார்க்க அமெரிக்கா போறேன் சார். அப்பா குரல் இருக்கிற கேசட் ரெண்டு இருக்கு. எடுத்துட்டுப் போகலை. ஏர்போர்ட் எக்ஸ்ரேல அழிஞ்சு போயிடுமாம்." சுற்றி நின்ற நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதே பேச்சை நம்பி அம்மாவின் குரலைத் தொலைத்தவன் நான்.

2003-இல் முதல் தடவையாக மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் கிளம்பினோம். அம்மா பாடிய தாலாட்டும் சொன்ன கதைகளும் மூன்று கேசட்டில் இருந்தன. "கொண்டு வாங்கப்பா, கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்" என்றான் மகன். ஆபீஸில் விவரம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த ஒருவர் தடுத்தார். நானும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனேன். ஏழு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சை. அப்படியே டேப் ரிக்கார்டரில் போட்டேன். சிக்கி அறுந்தது. எந்த விமான நிலையமும் அம்மாவின் குரலை அழிக்கவில்லை. என் வீட்டுப் பீரோ அழித்தது.

கேசட் நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசிய இரும்பு ஆக்சைடு. குரல் அதில் காந்தமாகப் பதிந்திருக்கிறது. அதை அழிக்கக் காந்தம் வேண்டும். எக்ஸ்ரே வெளிச்சத்தின் உறவுக்காரன். காந்தப் பதிவை அது ஒன்றும் செய்யாது. வி.எச்.எஸ். வீடியோ கேசட், ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு எதற்கும் அதனால் ஆபத்தில்லை. தினமும் எத்தனை லேப்டாப் அந்தப் பெட்டிக்குள் போய் வருகின்றன! நாம் என்னடாவென்றால், உள்ளே பெரிய காந்தம் உள்ள ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே கேசட்டை அடுக்கி வைத்துவிட்டு, எக்ஸ்ரேயைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

பயப்பட வேண்டிய பொருள் ஒன்று உண்டு. கழுவாத ஃபிலிம் ரோல். அது வெளிச்சத்துக்காகவே செய்தது. எக்ஸ்ரே பட்டால் புகைமூட்டம் போலாகிவிடும். விமானத்தின் அடியில் போகும் பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே மிகவும் வலுவானது. அதில் ஃபிலிமை வைக்கவே கூடாது. கைப்பைக்கும் இப்போது பல ஊர்களில் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. அதில் ஒரே ஒரு முறை போனாலும் ஃபிலிம் கெடலாம் என்று கோடாக் எச்சரித்திருக்கிறது. ஆகவே ரோலை ஒரு கண்ணாடிப் பையில் தனியாக வைத்து, "கையால் சோதியுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். கழுவிய நெகட்டிவுக்கும் அச்சிட்ட போட்டோவுக்கும் இந்தக் கவலை இல்லை.

"எதுக்கு சார் ரிஸ்க்? வீட்டிலேயே இருக்கட்டுமே" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் இருப்பது ரிஸ்க் இல்லையா? நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடா எத்தனை நாள் தாங்கும்? ஓடவிட நல்ல டேப் ரிக்கார்டர் எத்தனை வீட்டில் மிச்சம்? பிரதி எடுக்காமல் பூட்டி வைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அது சோம்பல்.

ஊருக்குப் போகும் முன்பே இங்கே பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று பிள்ளையிடம் இருக்கட்டும். முடியாவிட்டால் கேசட்டைக் கைப்பையில் கொண்டு போங்கள். செக்-இன் பெட்டி தொலையலாம். கைப்பை உங்கள் மடியில் இருக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் என்னைப் போல அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். யோசித்தே ஏழு வருடம் ஓட்டியவன் நான். கொள்ளுப்பாட்டியின் தாலாட்டை என் பேத்தி இனிக் கேட்கவே முடியாது. உங்கள் வீட்டுப் பீரோவை இன்றைக்கே திறந்து பாருங்கள்.